200 கி.மீ. வேகத்தில் பறந்த பைக், போட்டோவில் மட்டும் பார்க்கிங்ல நிற்கிற மாதிரி தெரிவது ஏன்? ரேஸ் படம் எடுக்கும் டெக்னிக் இதுதான்!

பைக் ரேஸ் பார்க்கப் போறீங்க. காது கிழியும் சத்தத்தோடு கண் முன்னாடி ஒரு பைக் பறக்குது. கேமராவைத் தூக்கி 'க்ளிக்' பண்றீங்க. பைக் சட்டத்துக்குள் அழகாக விழுந்திருக்கு. நம்பர் தெளிவாகத் தெரியுது, ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக்கூட படிக்க முடியுது. ஆனா வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏதோ ஒன்று குறையுது. பைக் ஓடுற மாதிரியே இல்லை. யாரோ ரோட்டில் நிறுத்தி வைத்து போஸ் கொடுத்த மாதிரி இருக்கு!

அதே நேரத்தில், பத்திரிகையில் வரும் ரேஸ் படத்தைப் பாருங்க. சக்கரம் சுழலுது, பின்னாடி இருக்கும் வேலியும் மரமும் கோடு கோடாக இழுபடுது, நடுவில் வீரரின் ஹெல்மெட் மட்டும் கல்வெட்டு மாதிரி தெளிவாக நிற்குது. இந்த வித்தியாசம் எப்படி வருது? லட்ச ரூபாய் கேமரா இருந்தால்தான் முடியுமா?

முடியும், லட்ச ரூபாய் கேமரா இல்லாமலேயே முடியும். அதற்கான டெக்னிக் என்ன, எங்கே நிற்கணும், எங்கே நிற்கவே கூடாது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் நிற்கிற மாதிரி தெரியுது?

கேமராவில் ஷட்டர் என்று ஒன்று இருக்கு. வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடணும் என்று முடிவு செய்யும் கதவு அது. 1/2000 என்றால் ஒரு நொடியை 2000 பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் கதவு திறந்திருக்கும்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. ஒரு ரேஸ் பைக் மணிக்கு 216 கி.மீ. வேகத்தில் போகுது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 60 மீட்டர். 1/2000 நொடியில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும்? வெறும் 3 சென்டிமீட்டர்! ரேஸ் பைக்கின் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 2 மீட்டர் நகரும். அந்தக் கணக்கில் பார்த்தால், ஷட்டர் திறந்து மூடும் நேரத்தில் சக்கரம் 5 டிகிரி சொச்சம்தான் திரும்பியிருக்கும். அதனால்தான் படத்தில் சக்கரம் நின்றுபோன மாதிரி தெரியுது.

அடுத்து நம்ம ஊர் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை எடுத்துக்கலாம். பின்னாடி ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், நொடிக்கு 10 மீட்டர் போகுது. அதை 1/30 ஷட்டரில், வண்டியோடு சேர்த்து கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்கிறோம். அந்த நேரத்துக்குள் வண்டி 33 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். சக்கரம் கிட்டத்தட்ட 70 டிகிரி, அதாவது கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பியிருக்கும். பின்னணி முழுக்க கோடாக இழுபட்டிருக்கும்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எது வேகமாகத் தெரியும்? சந்தேகமே வேண்டாம், மூட்டை ஏற்றிய எக்ஸ்எல்தான்!

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. போட்டோவில் தெரியும் வேகத்தை முடிவு செய்வது வண்டியின் ஸ்பீடோமீட்டர் இல்லை. ஷட்டரும், படம் எடுப்பவரின் இடுப்பும்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பேனிங் என்றால் என்ன?

மெதுவான ஷட்டரை வைத்துக்கொண்டு, ஓடும் பைக்கைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே படம் எடுப்பதற்குப் பெயர்தான் 'பேனிங்'. கேமராவும் பைக்கும் ஒரே வேகத்தில் திரும்புவதால் பைக் தெளிவாக விழும். நிற்கிற பொருட்களான வேலி, விளம்பரப் பலகை, புல் எல்லாம் கோடாகிவிடும்.

ரயிலில் போகும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் அதே வேகத்தில் இன்னொரு ரயில் வந்தால், அந்த ஜன்னலில் இருப்பவர் முகம்கூட தெளிவாகத் தெரியும் இல்லையா? நடுவில் இருக்கும் கம்பமெல்லாம் சரசரவென்று ஓடும். பேனிங்கும் அதே கதைதான்.

எப்படி நிற்கணும்?

பேனிங்கில் பலரும் தோற்பது கேமராவால் இல்லை, நிற்கும் முறையால். இந்த வரிசையில் செய்து பாருங்க.

1. எந்த இடத்தில் படம் எடுக்கப் போறீங்க என்பதை முதலில் முடிவு செய்யுங்க. பைக் உங்களுக்கு நேர் எதிரே, பக்கவாட்டில் தெரியும் இடமாக இருந்தால் நல்லது.

2. இரண்டு காலையும் அகட்டி, பாதங்கள் அந்த இடத்தைப் பார்க்கும்படி நில்லுங்க.

3. பாதத்தை அசைக்காமல், பைக் வரும் பக்கமாக இடுப்பை மட்டும் திருப்புங்க. இப்போ உடம்பு முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். பைக் நெருங்க நெருங்க அந்த முறுக்கு தானாகவே அவிழும். நீங்கள் எடுக்க நினைத்த இடத்துக்கு வரும்போது உடம்பு நேராகவும் நிதானமாகவும் இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான், சரியாக க்ளிக் பண்ணும் நேரத்தில் தடுமாறுறாங்க.

4. முழங்கை இரண்டும் விலாவை ஒட்டி இருக்கட்டும். இடது கை லென்ஸை அடியிலிருந்து தாங்கணும்.

5. பைக் தூரத்தில் வரும்போதே வ்யூஃபைண்டரில் பிடித்துவிடுங்க. ஹெல்மெட், இல்லையென்றால் வண்டி நம்பர், ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதை விடாமல் தொடருங்க.

6. ஷட்டரை அழுத்திய பிறகும் நிறுத்தாமல் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருங்க. கிரிக்கெட்டில் பந்தை அடித்த பிறகும் பேட் முழுசாகச் சுற்றி வருமே, அந்த 'ஃபாலோ த்ரூ' இங்கேயும் வேணும். க்ளிக் சத்தம் கேட்டதும் கை நின்றால் படம் கலங்கிவிடும்.

ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?

கேமராவில் ஷட்டர் பிரயாரிட்டி மோடை எடுத்துக்கோங்க. நிக்கான், சோனியில் 'எஸ்' என்றும், கேனானில் 'டிவி' என்றும் இருக்கும். ஷட்டரை நீங்கள் முடிவு செய்தால் மீதியை கேமரா பார்த்துக்கொள்ளும்.

மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் போகும் ரேஸ் பைக்கை எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

1/1000: சக்கரம் 7 டிகிரி சொச்சம் திரும்பும். நின்ற மாதிரியே இருக்கும்.

1/500: சுமார் 15 டிகிரி. சக்கரத்தில் லேசாக அசைவு தெரிய ஆரம்பிக்கும். தெளிவான படம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

1/250: சுமார் 30 டிகிரி. புதிதாகப் பழகுபவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

1/125: சுமார் 60 டிகிரி. பின்னணி நன்றாக இழுபடும். வேகம் கண்ணில் அடிக்கும்.

1/60: 120 டிகிரிக்கு மேல். படம் அமைந்தால் அசத்தும். ஆனால் அமைவது கஷ்டம்.

1/30: ஓவியம் மாதிரி வரும். நூறு எடுத்தால் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் தேறும்.

முதல் சில சுற்றுகளில் 1/500-ல் கொஞ்சம் படம் எடுத்து பத்திரப்படுத்திக்கோங்க. பிறகு 1/250, 1/125 என்று ஒவ்வொரு படியாக இறங்குங்க. எடுத்த உடனே 1/30-க்குப் போய்விட்டு, ஒரு படம்கூட தேறாமல் வீட்டுக்குத் திரும்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

இன்னொரு விஷயம். பேனிங் படத்தில் பைக்கின் முன்சக்கரத்திலிருந்து வால் வரை எல்லாமே தெளிவாக இருக்கணும் என்று எதிர்பார்க்காதீங்க. பைக் நம்மைக் கடக்கும்போது அதன் முன்பகுதியும் பின்பகுதியும் நம் பார்வையில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஹெல்மெட்டும் நம்பரும் தெளிவாக இருந்தால் படம் பாஸ்!

அப்போ வேகமான ஷட்டரே வேண்டாமா?

அப்படி இல்லை. பைக் நேராக நம்மை நோக்கி வரும்போது பேனிங் செய்ய முடியாது, ஏனென்றால் அது பக்கவாட்டில் நகரவே இல்லை. அங்கே 1/1000 அல்லது அதற்கு மேல்தான் சரி.

அப்படியானால் அந்தப் படத்தில் வேகம் எங்கிருந்து வரும்? பைக்கின் சாய்விலிருந்து வரும். மோட்டோ ஜிபி வீரர்கள் வளைவில் 60 டிகிரிக்கும் மேல் பைக்கைச் சாய்ப்பாங்க. முட்டி தரையில் உரசும், சில சமயம் முழங்கையும் உரசும். நின்றுகொண்டிருக்கும் எந்த பைக்கும் அப்படிச் சாய முடியாது என்று பார்ப்பவரின் மூளைக்குத் தெரியும். அதனால் சக்கரம் உறைந்திருந்தாலும் வேகம் புரிந்துவிடும்.

போட்டி தொடங்கும் நேரமும் அப்படித்தான். எல்லா பைக்கும் கூட்டமாக இருப்பது தொடக்கத்திலிருந்து முதல் வளைவு வரைதான். அதன் பிறகு பிரிந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்கு 1/1000 வைத்து, ஜூமைக் குறைத்து, கூட்டத்தை முழுசாகப் பிடியுங்க. தவறவிட்டால் அடுத்த ரேஸ் வரை காத்திருக்கணும்.

நேர்ச்சாலையா? வளைவா?

டிராக்கில் நேர்ச்சாலையில்தான் பைக் அதிக வேகத்தில் போகும், அங்கேதான் நல்ல படம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறாங்க. உண்மை வேறு. நேர்ச்சாலையில் வீரர் டேங்க் மேல் படுத்துக்கொண்டு போவார். முகமும் தெரியாது, சாய்வும் இருக்காது.

வளைவில்தான் எல்லாம் நடக்கும். பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் தூக்கும், உள்ளே நுழையும்போது பைக் சாயும், வெளியே வரும்போது முன்சக்கரம் எழும். ஒருவரை ஒருவர் முந்துவதும் பெரும்பாலும் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்தில்தான். வேகமும் குறைவாக இருப்பதால் கேமராவில் தொடர்வது சுலபம்.

தூரமும் முக்கியம். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும் பைக்கை 30 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், அது நம்மைக் கடக்கும் அந்த இடத்தில் நொடிக்கு சுமார் 115 டிகிரி வேகத்தில் திரும்பணும். அதாவது ஒரே நொடியில் வட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அதே பைக்கை 60 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் சுமார் 57 டிகிரி போதும். புதியவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று, 200 அல்லது 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் கை நிதானமாக இருக்கும். 55-250 மாதிரியான விலை குறைந்த ஜூம் லென்ஸே இதற்குப் போதும்.

ஃபோகஸ் ஏன் தப்புது?

சாதாரணமாக கேமரா ஒரு முறை ஃபோகஸ் செய்துவிட்டு அப்படியே நிற்கும். ஓடும் பைக்குக்கு அது சரிப்படாது. தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் மோடுக்கு மாற்றுங்க. நிக்கான், சோனியில் 'ஏஎஃப்-சி', கேனானில் 'சர்வோ' என்று இருக்கும். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் சிலவற்றில் வாகனத்தைத் தானாகவே அடையாளம் கண்டு தொடரும் வசதியும் இருக்கு.

பழைய கேமராவா? கவலை வேண்டாம். பைக் எந்த இடத்தைக் கடக்கும் என்பது ரேஸ் டிராக்கில் முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் எல்லா வீரர்களும் கிட்டத்தட்ட ஒரே பாதையில்தான் வருவாங்க. தரையில் இருக்கும் ஒரு டயர் தடத்திலோ, ஓரத்தில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கட்டையிலோ ஃபோகஸ் செய்து, அதை மேனுவலில் பூட்டிவிடுங்க. பைக் அங்கே வரும்போது அழுத்தினால் போதும். ஆட்டோ ஃபோகஸ் வருவதற்கு முன்னால் படம் எடுத்தவர்கள் பலரும் செய்தது இதைத்தான்.

லென்ஸில் 'ஸ்டெபிலைசர்' இருந்தால் இன்னொரு கவனம் தேவை. சாதாரண மோடில், நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் நடுக்கம் என்று நினைத்து அது தடுக்கப் பார்க்கும். பல லென்ஸ்களில் 'மோட் 2' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது மேலும் கீழும் ஆடுவதை மட்டும் தடுக்கும், பக்கவாட்டுத் திருப்பத்தை விட்டுவிடும். பேனிங்குக்கு அதுதான் வேணும்.

'நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமரா இருக்கே, அழுத்திப் பிடித்தால் போதாதா?' என்று கேட்கலாம். நொடிக்கு 60 மீட்டர் போகும் பைக், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 6 மீட்டர் நகர்ந்துவிடும். அது மூன்று பைக் நீளம்! நீங்கள் நினைத்த அந்த நொடி இரண்டு படத்துக்கும் நடுவில் நழுவிப் போகலாம். அதனால் நேரம் பார்த்து அழுத்தப் பழகுங்க. மூன்று நான்கு படம் கொண்ட சின்னத் தொடராக எடுப்பது நல்லது.

நம்ம ஊர் வெயிலில் ஒரு சிக்கல்

மெதுவான ஷட்டர் என்றால் அதிக வெளிச்சம் உள்ளே வரும். சென்னை, கோவை மதிய வெயிலில் ஐஎஸ்ஓ 100-ல் 1/50 வைத்தால், லென்ஸ் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்கணும். அவ்வளவு சுருக்கினால் படத்தின் கூர்மை குறையும், சென்சாரில் இருக்கும் தூசி எல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும்.

இதற்குத் தீர்வு என்டி ஃபில்டர். லென்ஸுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கோங்க. 'என்டி 8' ஃபில்டர் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். அதை மாட்டினால் அதே 1/50 ஷட்டரில் எஃப்/8 வைத்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் போலரைசர் ஃபில்டரும் ஓரளவு கைகொடுக்கும்.

மதியத்தில் இன்னொரு எதிரி கானல். தார்ச்சாலை சூடாகி, மேலே காற்று நெளியும். தூரத்தில் இருக்கும் பைக்கை பெரிய லென்ஸில் எடுத்தால் படம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி நெளிந்திருக்கும். லென்ஸ் கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம். கானலுக்கு எந்த ஃபில்டரும் கிடையாது. காலையில் எடுங்க, அல்லது பைக் அருகில் வரும்வரை பொறுத்திருங்க.

கம்பி வேலிக்கு வெளியே இருந்து எடுக்க முடியுமா?

டிக்கெட் எடுத்துப் போகும் ரசிகர்களுக்குப் பெரும்பாலும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்தான் இடம். ஆனாலும் வழி இருக்கு. நிர்வாகம் அனுமதிக்கும் இடத்தில் வேலிக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ போய், ஜூமை முழுசாக நீட்டி, லென்ஸ் துவாரத்தை எவ்வளவு பெரிதாகத் திறக்க முடியுமோ அவ்வளவு திறங்க. கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் கம்பி மங்கி மறைந்துவிடும். வெயில் படாமல் நிழலில் இருக்கும் வேலிப் பகுதியாகப் பாருங்க. வெயில் பட்ட கம்பி படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

செல்போனில் முடியுமா?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. போன் கேமராவில் ஒரு அடிப்படைப் பிரச்சினை இருக்கு. பெரும்பாலான போன்களில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது. எஃப்/1.8 அளவில் இருக்கும் போன், நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 50-ல் 1/4000 அளவுக்கு ஷட்டரை ஓட்டும். புரோ மோடுக்குப் போய் 1/60 வைத்தால் அறுபது மடங்குக்கும் மேல் அதிக வெளிச்சம் உள்ளே வந்து, படம் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும்.

போனில் க்ளிப் மாதிரி மாட்டும் என்டி ஃபில்டர்கள் கிடைக்குது. இல்லையென்றால் வெளிச்சம் குறைந்த மாலை நேரத்தில் எடுங்க. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு அதை 'லாங் எக்ஸ்போஷர்' ஆக மாற்றிப் பார்க்கலாம். கூகுள் பிக்சல் போன்கள் சிலவற்றில் பின்னணியைத் தானே இழுத்துக் காட்டும் 'ஆக்‌ஷன் பேன்' வசதியே இருக்கு.

போனில் எடுத்த படத்தில் சக்கரமோ பைக்கோ சாய்ந்து, கோணலாகத் தெரிகிறதா? போன் சென்சார் ஒரு படத்தை ஒரே நொடியில் முழுசாகப் பதிவு செய்வதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கும். மேல் வரியைப் படித்து கீழ் வரிக்கு வருவதற்குள் பைக் நகர்ந்துவிடும். அதான் காரணம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த ழாக் ஆன்ரி லார்டீக், 1910-களின் தொடக்கத்தில் ஒரு கார் ரேஸைப் படம் எடுத்தார். அவருடைய கேமராவின் ஷட்டர், ஒரு இடுக்கு மாதிரி படத்தின் குறுக்கே நகரும் வகை. கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்ததால் காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்தும், ஓரத்தில் நின்ற ஆட்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் விழுந்தாங்க. இன்று வேகத்தைக் காட்டும் உலகின் மிகப் புகழ்பெற்ற படங்களில் அதுவும் ஒன்று!

எங்கே நிற்கவே கூடாது?

டெக்னிக்கை விட இது முக்கியம். வளைவில் பிடி நழுவிய பைக் வளைந்து போகாது. அந்த நொடியில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, அதே திசையில் நேராக வெளிப்பக்கம் பாயும். அதனால்தான் வளைவின் வெளிப்பக்கத்தில் மண்ணும் ஜல்லியும் கொட்டி, டயர் தடுப்பு வைத்திருப்பாங்க. அந்தப் பாதையில் எவ்வளவு அழகான படம் கிடைத்தாலும் தடுப்புக்கு முன்னால் நிற்கக் கூடாது.

அனுமதி பெற்று உள்ளே போகும் புகைப்படக்காரர்களுக்கே கடுமையான விதிகள் இருக்கு. அடையாள மேலங்கி போட்டிருக்கணும், குறிப்பிட்ட இடத்தில்தான் நிற்கணும், மார்ஷல் நகரச் சொன்னால் கேள்வி கேட்காமல் நகரணும். டிராக்குக்கு முதுகைக் காட்டி, எடுத்த படத்தைத் திரையில் பார்க்கக் கூடாது. ஃபிளாஷை அணைத்துவிடணும். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து என்று அர்த்தம். சிவப்புக் கொடி காட்டினால் போட்டியே நிறுத்தப்பட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் இல்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கு. 2023 ஆகஸ்ட் 5 அன்று அங்கே நடந்த தேசிய பைக் ரேஸிங் சாம்பியன்ஷிப் போட்டியில் 13 வயது வீரர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார். மீதிப் போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. கவச உடை, தடுப்பு, மார்ஷல், ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலைமை.

விபத்து நடக்கும்போது கையில் கேமரா இருந்தால் என்ன செய்வது? நடந்ததைப் பதிவு செய்வது செய்தியாளரின் வேலை. விசாரணைக்கும் அந்தப் படங்கள் உதவலாம். ஆனால் அடிபட்டவரின் குடும்பத்துக்கு முன்பாக அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது எந்த வகையிலும் நியாயம் இல்லை. எடுத்தால் அமைப்பாளர்களிடம் கொடுங்க. ஸ்டேட்டஸில் போடாதீங்க.

ரோட்டில் ரேஸ் விட்டு ரீல்ஸ் எடுக்கலாமா?

கூடவே கூடாது. பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

சட்டத்தை விடுங்க. நண்பன் ஒருவன் ஓரத்தில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்றாலே, வண்டி ஓட்டுபவரின் கை இன்னும் கொஞ்சம் முறுக்கும். 'படம் சரியா வரல மச்சி, இன்னொரு தடவை வேகமா வா' என்று சொல்வதற்கு முன்னால், மேலே பார்த்த எக்ஸ்எல் கணக்கை ஒரு தடவை நினைத்துப் பாருங்க. படம் சரியாக வராததற்குக் காரணம் வண்டி மெதுவாக வந்தது இல்லை. போனின் ஷட்டர் வேகமாக இருந்ததுதான். 120-ல் வந்தாலும் 1/4000 ஷட்டரில் அது நிற்கிற மாதிரிதான் தெரியும். 30-ல் வந்தாலே 1/30 ஷட்டரில் பறக்கிற மாதிரி தெரியும். வேகமாக வரச் சொல்லி யாரையும் சாகடிக்கத் தேவையே இல்லை.

எங்கே பழகுவது?

ரேஸ் நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளை 1/30-ல் எடுத்துப் பாருங்க. பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்க. அடுத்து பஸ் ஸ்டாப் நடைபாதையில் நின்றபடி, போகும் ஆட்டோவையும் ஸ்கூட்டரையும் 1/60-ல் எடுங்க. சாலையில் இறங்கவோ, நடுவில் இருக்கும் தடுப்பில் ஏறி நிற்கவோ வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் இப்படி எடுத்தால் இடுப்பு தானாகப் பழகிவிடும்.

பிறகு நிஜமான ரேஸுக்குப் போகலாம். தேசிய அளவிலான பைக் போட்டிகள் இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் நடப்பது வழக்கம். போட்டி நாளில் சீக்கிரமாகப் போய், பயிற்சிச் சுற்றுகளின்போதே இடத்தைத் தேர்வு செய்துவிடுங்க. வீரர்கள் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறாங்க, எங்கே சாய்க்கிறாங்க, வெயில் எந்தப் பக்கம் விழுது என்று கேமராவைக் கீழே வைத்துவிட்டு பத்து நிமிஷம் சும்மா பாருங்க. அந்தப் பத்து நிமிஷம், புது லென்ஸ் வாங்குவதை விட அதிகமாக உதவும்.

கடைசியாக ஒன்று. போட்டியில் ஜெயிப்பவரை மட்டும் துரத்தாதீங்க. நம் நாட்டில் பல இளம் வீரர்கள் ஸ்பான்சர் தேடி அலையுறாங்க. எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் வரும் ஒரு பையனை, நம்பரும் ஹெல்மெட்டும் தெளிவாக, சக்கரம் சுழல, நல்லதாக ஒரு படம் எடுத்து ரேஸ் முடிந்ததும் அவரிடமே அனுப்பி வையுங்க. உங்களுக்கு அது நூற்றில் ஒரு படம். அவருக்கு, ஸ்பான்சர் தேடிப் போகும்போது எடுத்துக் காட்ட ஒரு நல்ல படமாவது கையில் இருக்கும்.